குடுவை உடையாத ஆய்வகம்

கிளென்மார்கனில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. உதகையிலிருந்து பைக்காரா போகும் வழியில் கிளை பிரிந்தால் வரும் இந்தத் தேயிலைக் கிராமம், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 2,000 மீட்டர் மேலே இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் 93 டிகிரியை ஒட்டியே கொதி வந்துவிடும். ஒரு வெப்பமானியும் அடுப்பும் இருந்தால் எந்த மாணவரும் இதைக் கண்டுகொள்ளலாம். அதே மாணவர் கைப்பேசியில் ஒரு மெய்நிகர் ஆய்வகத்தைத் திறந்தால், அங்கே கொதிப்பது பெரும்பாலும் சென்னைத் தண்ணீர்தான். வேதியியலைத் திரையில் கற்பிப்பது பற்றிய வழக்கை இந்த 7 டிகிரி வித்தியாசத்திலிருந்தே தொடங்கலாம்.

திரைக்குப் பஞ்சம் என்று இன்று யாரும் சொல்ல முடியாது. 2009-இல் மத்திய கல்வித் துறையின் தகவல் தொழில்நுட்ப இயக்கத்தின் கீழ் மெய்நிகர் ஆய்வகத் திட்டம் தொடங்கியது. கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகம் அதில் பங்கேற்றதோடு, மும்பை சி-டாக் ஆய்வு மையத்துடன் சேர்ந்து 9 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு ‘ஓலேப்ஸ்’ என்ற இணைய ஆய்வகத்தையும் உருவாக்கியது. இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஃபெட்’ கணினிப் பாவனைகளில் பல தமிழிலேயே கிடைக்கின்றன. தமிழ்நாடு 2018-இல் கியூஆர் குறியீட்டுடன் பாடநூல்களை அச்சிட்டது. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்தது. 2023-இல் ‘மணற்கேணி’ செயலியும் வந்தது.

இவற்றின் பயனைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. வேதியியல் ஏன் கடினமாக இருக்கிறது என்பதற்கு கிளாஸ்கோவின் அலெக்ஸ் ஜான்ஸ்டன் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒரு விளக்கம் கொடுத்தார். கண்ணால் பார்க்கும் பொருள், கண்ணுக்கு எட்டாத மூலக்கூறு, தாளில் எழுதும் சமன்பாடு ஆகிய மூன்று தளங்களில் இந்தப் பாடம் ஒரே நேரத்தில் நடக்கிறது. மாணவர் மூன்றுக்கும் இடையே தாவிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாவது தளத்தைக் கரும்பலகையால் காட்ட முடியாது. கண்ணாடிக் குடுவையாலும் முடியாது. உப்பைத் தண்ணீரில் போட்டால் அயனிகள் பிரிந்து மிதப்பதையும், சமநிலை எட்டிய பிறகும் வினை இருபுறமும் ஓடிக்கொண்டே இருப்பதையும் பாவனைதான் காட்டும். அந்த இடத்தில் திரைக்கு நிகராக எதுவும் இல்லை. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு போன்ற நச்சு வாயுவை நாற்பது பிள்ளைகள் நிற்கும் அறையில் வெளியேற்றுவதைவிடத் திரையில் காட்டுவது மேல் என்பதிலும் இரண்டு கருத்து இருக்காது.

சிக்கல் முதல் தளத்தில்தான். மேல்நிலை வகுப்பில் எல்லோரும் செய்யும் பெர்மாங்கனேட் தரம் பார்த்தலை எடுத்துக்கொள்ளலாம். திரையில் பியூரெட்டின் குழாயைத் தொட்டால் சொட்டு விழும். முடிவு நிலையில் நிறம் மாறும். அளவைப் படித்துப் பெட்டியில் நிரப்பலாம். அரை மணி வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நிஜ ஆய்வகத்தில் கதை வேறு. கந்தக அமிலம் போதாமல் போனால் குடுவையில் பழுப்பு நிறத்தில் மாங்கனீசு டை ஆக்சைடு கலங்கி நிற்கும். கரைசல் அடர் ஊதா என்பதால் கீழ்ப்பிறை தெரியாது. மேல் விளிம்பைத்தான் படிக்க வேண்டும். கண் மட்டம் கொஞ்சம் தவறினாலும் அளவு மாறும். பியூரெட் முனையில் காற்றுக்குமிழ் ஒளிந்திருந்தால் முதல் அளவீடே பொய். இளஞ்சிவப்பு நிலைக்கிறதா, மறைகிறதா என்று பார்க்க நின்றால், அந்தத் தயக்கத்தில் இன்னொரு சொட்டு விழுந்து எல்லாம் கெட்டுவிடும்.

திரை இவற்றில் பெரும்பாலானவற்றை இடையூறு என்று நீக்கிவிடுகிறது. ஒரு வேதியியலாளரின் கை பழகுவதோ இவற்றில்தான். அதற்காக நிஜ ஆய்வகத்தைக் கோயிலாக்கவும் வேண்டாம். பக்கத்து மேசைக்காரரின் ஒத்த அளவீட்டை ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொண்டு, வைவாவில் சமாளித்து வெளியேறும் பிராக்டிகலும் நாம் அறிந்ததுதானே!

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் டி யோங், லின், சகாரியா மூவரும் எழுதிய மதிப்பாய்வு, கருத்தைப் புரிந்துகொள்வதில் மெய்நிகர் ஆய்வகம் நிஜ ஆய்வகத்துக்குப் பின்தங்குவதில்லை என்றும், இரண்டையும் தக்கபடி சேர்ப்பது தனித்தனியாகப் பயன்படுத்துவதைவிட நல்ல பலன் தரலாம் என்றும் காட்டியது. நம் ஊரில் இந்த முடிவின் முதல் பாதி மட்டுமே காதில் விழுகிறது. திரையும் நிஜமும் சமம் என்று கேட்டதும், வாங்க வேண்டிய பியூரெட்டும் நிரப்ப வேண்டிய ஆய்வக உதவியாளர் இடமும் மறந்துபோகும் ஆபத்து இருக்கிறது.

கைப்பேசிவழிக் கற்றலுக்கு மலையில் இன்னொரு தடை. கிளென்மார்கன் அணை நீர் குழாய்களில் ஏறத்தாழ 900 மீட்டர் சரிந்து சிங்காராவில் மின்சாரமாகிறது. அங்குள்ள பைக்காரா மின் நிலையம் 1932 முதல் இயங்குகிறது. மின்சாரத்தோடு அவ்வளவு பழைய உறவு உள்ள மலைதான். அப்படியும் 2020-இல் பள்ளிகள் மூடியபோது, நீலகிரி எஸ்டேட் பிள்ளைகள் சிக்னல் தேடி மேடுகளில் ஏறி உட்கார வேண்டியிருந்தது. வீட்டுக்கு ஒரு கைப்பேசி என்றால் அது காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அதே 2020 டிசம்பர் 31-உடன் அடோபி நிறுவனம் ஃபிளாஷ் மென்பொருளைக் கைவிட்டது. அதை நம்பிக் கட்டப்பட்ட பழைய பாவனைகள், மாற்றி எழுதப்படாதவரை, திறக்கவே மறுத்தன. கண்ணாடிக் குடுவை உடைந்தால் ஒன்றுதான் போகும். மென்பொருள் போனால் ஆய்வகமே ஒரே இரவில் போய்விடும்.

திரையை நம்பும் போக்குக்கு எதிர்த்திசையில் தமிழ்நாடு செய்த ஒரு வேலையையும் சொல்ல வேண்டும். 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய ‘வானவில் மன்றம்’, கருத்தாளர்களைப் பரிசோதனைப் பொருள்களோடு பள்ளிக்கே அனுப்புகிறது. 13,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்கான திட்டம். ஆனால் அது 6 முதல் 8-ஆம் வகுப்பு வரைதான். வேதியியல் தனிப்பாடமாகி, 100 மதிப்பெண்ணில் 20 செய்முறைக்கு ஒதுக்கப்படும் மேல்நிலை வகுப்பை அந்தத் திட்டம் எட்டவில்லை.

கைப்பேசியை ஆய்வகத்துக்கு மாற்றாக வைக்காமல் ஆய்வகக் கருவியாகக் கையில் எடுத்தால் நிலைமை மாறும். அதன் கேமராவுக்கு நிறத்தை எண்ணாக்கத் தெரியும். கிளென்மார்கனில் அதற்குப் பாடப்பொருள் வாசலிலேயே கிடக்கிறது. நசுக்கிய பச்சை இலை செம்பு நிறமாவது பாலிஃபீனால்கள் ஆக்சிஜனேற்றம் அடைவதால். பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்து, நிற எண்களை வரைபடமாக்கினால் வினைவேகப் பாடம் முடிந்தது. டிக்காஷனில் எலுமிச்சை பிழிந்தால் நிறம் வெளுக்கும்; துருப்பிடித்த ஆணியை ஊறப்போட்டால் கறுக்கும். இதற்கு இணைய இணைப்பே வேண்டாம். சற்றுத் தள்ளி நடுவட்டத்தில் ஒரு காலத்தில் சின்கோனாப் பட்டையிலிருந்து அரசே கொய்னா எடுத்தது, அரவங்காட்டில் நூற்றாண்டு கடந்த கார்டைட் ஆலை நிற்கிறது. இவ்வளவு வேதியியல் நடந்த மலையில் பிள்ளைகள் அதைத் திரையில் மட்டும் பார்ப்பது என்ன நியாயம்?

செலவு என்ற சாக்குக்கும் விடை உண்டு. யுனெஸ்கோ ஆதரவோடு தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகம் பரப்பிய நுண்ணளவு வேதியியல் பெட்டிகளில், லிட்டர் கணக்கில் இல்லாமல் சொட்டுக் கணக்கில் பிளாஸ்டிக் குழிகளில் பரிசோதனை நடக்கிறது. ரசாயனமும் கழிவும் மிகக் குறைவு. கையும் கண்ணும் மட்டும் முழுசாக வேலை செய்யும்.

ஆக, மெய்நிகர் ஆய்வகம் முன்னோட்டத்துக்கும் மூலக்கூறைக் காட்டுவதற்கும் இருக்கட்டும்; செய்முறை மதிப்பெண் குடுவையைத் தொட்டவருக்கே போகட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் அடுத்த கூட்டத்தில் ஹைடெக் லேப்பில் எத்தனை கணினி என்று கேட்கும்போது, பிராக்டிகல் அறையில் ஒழுகாத பியூரெட் எத்தனை என்றும் சேர்த்துக் கேளுங்கள்.