வராத பருவம்

ஜப்பானியரின் பழைய கோடைப் பட்டுக் கிமோனோக்களைப் பூப்போட்ட துணி என்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். பூக்கள் இருக்கின்றன, பருவம்தான் பிசகியிருக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் புழுக்கத்தில் உடுத்தும் துணியில் இலையுதிர்காலத்துச் சுஸுகிப் புல், ஹாகிப் பூ. சிலவற்றில் பனி கனத்த மூங்கில்கூட. கண்முன் இருப்பதைப் பார்த்து வரைந்ததல்ல, இல்லாத குளிர்ச்சியை வரவழைப்பது.

இலையுதிர்காலத்தின் ஏழு புற்பூக்கள் எட்டாம் நூற்றாண்டு மன்யோஷுவில், யமனோவே நோ ஒகுராவின் கவிதையிலேயே பட்டியலாகிவிட்டவை. இத்தனை காலம் கைமாறிய படிமம் தேய்ந்திருக்காதா? தேய்ந்துதான் இருக்கிறது. பல கிமோனோக்களில் இந்தப் பூக்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக ஆஜர் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகின்றன.

மற்றவற்றைக் காப்பாற்றுவது நெசவு. 'ரோ' என்ற துணியில் மூன்று, ஐந்து அல்லது ஏழு ஊடைக்கு ஒருமுறை பாவு இழைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொள்ள, குறுக்கே வரிவரியாக இடைவெளி விழுகிறது. 'ஷா'வில் ஒவ்வொரு ஊடைக்கும் இந்தச் சுற்று. துணி முழுக்க வலை. உள்ளே வெள்ளை அங்கி. கறுப்பு ரோவின் வழியே அந்த வெண்மை கசிகிறது. சாயத்தில் இழுத்த புல்லின் கோடு இடைவெளிதோறும் அறுந்து அடுத்த வரியில் தொடர்கிறது. அறுந்த இடத்தைக் கண் நிரப்பிக்கொள்கிறது. காற்று எங்கும் வரையப்படவில்லை. புல் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சித்திரம் கீழ்விளிம்பில் குவிந்திருக்கும் உடைகளில் மீதி அசைவை அணிபவளின் நடை தருகிறது.

1920, 30களின் மெய்சென் பட்டு சம்பிரதாயத்தை உடைத்தது என்று கொண்டாடுவோர் உண்டு. வண்ணத்தில் உடைத்தது, சரி. ஆனால் அந்தப் பெரிய பூக்கள் நம்மைப் பார்த்துக் கத்துகின்றன; கோடைத் துணிக்கு இது ஆகாது என்பது என் கட்சி.

காட்சிக்கூடத்தில் கிமோனோவைக் கழியில் மாட்டி, கைகளை விரித்துத் தட்டையாகத் தொங்கவிடுகிறார்கள். உள்ளங்கி இல்லை, உடல் இல்லை, வெயில் இல்லை. ஓவியமாகப் பார் என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் இவற்றில் பாதி சுமாரான ஓவியங்கள். கவிதையிலிருந்து படிமத்தை உருவி மேஜைமேல் போட்டு மதிப்பெண் இடும் நம் விமர்சனமும் இந்தக் கழியைத்தான் நட்டுவைத்திருக்கிறது. நானும் அதில் மாட்டிப் பார்த்தவன்தான்.

செர்ரி பூத்துக் குலுங்கும் நாட்களில் செர்ரிப்பூ போட்ட கிமோனோவைத் தவிர்க்கும் வழக்கம் அங்கே உண்டு. நிஜப் பூவோடு எதற்குப் போட்டி என்று. ரோவுக்கும் மரபுப்படி ஆகஸ்டோடு சரி. வெளியே சுஸுகி கதிர்விட்டு அசையும் செப்டம்பரில், துணியிலிருக்கும் சுஸுகி மடிக்கப்பட்டுப் பெட்டிக்குள் போய்விடுகிறது.