துணி திணித்த பந்து

அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் அருங்காட்சியகத்தில் பேப் ரூத் போன்ற மாவீரர்களின் மட்டைகளைப் பார்க்கத்தான் கூட்டம் போகிறது. என் மனம் போய் நிற்பது ஒரு சின்னப் பந்தின் முன்னால். உருண்டை என்று சொல்ல முடியாதபடி கோணிய பந்து அது. கையால் தைத்த தோல் பிரிந்து, உள்ளே திணித்த துணி வெளியே தெரிகிறது. எந்தக் கடையிலும் வாங்கியதல்ல, வீட்டில் யாரோ செய்தது.

1934இல், பக்கத்து ஊரான பிளை கிரீக்கில், ஒரு பண்ணை வீட்டுப் பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியிலிருந்து அது வெளியே வந்தது. சிங்கர் தையல் இயந்திரச் செல்வத்தின் வாரிசான ஸ்டீபன் கிளார்க் 5 டாலருக்கு வாங்கிக் காட்சிக்கு வைத்தார். மக்கள் திரண்டு வந்ததைப் பார்த்துத்தான் அருங்காட்சியக யோசனையே வளர்ந்தது. 1939 ஜூன் 12 அன்று அது திறக்கப்பட்டது.

இத்தனை மதிப்புக்கும் காரணம் அந்தப் பெட்டியின் சொந்தக்காரர் என்று சொல்லப்பட்டவரின் பெயர்: அப்னர் கிரேவ்ஸ். கூப்பர்ஸ்டவுனில் அப்னர் டபுள்டே என்பவர் 1839 வாக்கில் பேஸ்பாலை உருவாக்கியதைத் தான் கண்டதாக 1905இல் கடிதம் எழுதியவர் அவர். ஆட்டத்தின் பூர்விகத்தை ஆராய அமைத்த மில்ஸ் குழு அதை ஏற்று 1907 இறுதியில் தீர்ப்பும் சொல்லிவிட்டது. பந்து கிடைத்ததும், டபுள்டேயின் கை பட்டதாகவே இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

ஆவணங்கள் அந்தக் கதையைத் தாங்கவில்லை. 1839இல் டபுள்டே வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி மாணவர். சாட்சி சொன்ன கிரேவ்ஸுக்கு அப்போது ஐந்து வயது. 1744இலேயே லண்டனில் வெளிவந்த சிறுவர் நூலொன்றில் பேஸ்பால் பெயரோடு இடம்பெற்றுவிட்டது. 1791இல் மாசசூசெட்ஸின் பிட்ஸ்பீல்டு ஊர், மன்றக் கட்டடத்தின் ஜன்னல் கண்ணாடிகளைக் காக்க, அதன் அருகே இந்த ஆட்டத்தைத் தடைசெய்திருக்கிறது.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொரு சாட்சி. நடுவில் ரப்பர், மேலே சுற்றிய கம்பளி நூல், அதன்மேல் தோல், இன்றைய பந்தைவிடச் சற்றுப் பெரியது என்றுதான் தாம் ஆடிய பந்தை கிரேவ்ஸ் வர்ணித்தார். பெட்டியில் கிடைத்ததோ சிறியது, துணி திணித்தது. பந்தே கதையை மறுக்கிறது! ஒரு பழம்பொருளின் பூர்விகத்தைத் தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது அதனுடன் வந்த கதையை அல்ல, அதன் தையலையும் திணிப்பையும்தான்.

வீட்டுப் பந்துகளின் அழகும் அங்கேதான் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஆடுகிறவர்களே பந்து செய்தார்கள். நியூயார்க் நிக்கர்பாக்கர் பேஸ்பால் சங்கத்தின் டாக்டர் ஆடம்ஸ், தைத்துத் தர ஆள் கிடைக்காமல், ரப்பர் துண்டுகளின் மேல் நூல் சுற்றித் தோல் போர்த்தித் தாமே பந்துகள் செய்தவர். ஒரே தோலை நான்கு இதழ்களாக வெட்டி, மேலே மூடி, ஓரங்களைச் சேர்த்துத் தைத்தால் எலுமிச்சைத் தோலை உரித்து மறுபடி ஒட்டியது போலிருக்கும். 'எலுமிச்சைத் தோல் பந்து' என்றே சேகரிப்பாளர்கள் அதை அழைக்கிறார்கள். இதழ் கூடும் இடத்தில் தோல் மடியாமல் படிந்திருந்தால், தைத்தவர் கைதேர்ந்தவர் என்று கொள்வேன். தையல் ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் தளர்ந்தும் ஓடினால், அங்கே கை களைத்த நேரம் தெரிகிறது. எனக்கு அது குறையல்ல. 1872இல் சுற்றளவும் எடையும் நிலைப்பட்ட பிறகு, ஆலைப் பந்துகளில் இந்தக் கை அடையாளம் மறைந்துவிட்டது.

காலத்தைக் கணிக்கப் பொருள்களும் உதவும். கந்தகம் சேர்த்துக் காய்ச்சிய ரப்பர் உள்ளே இருந்தால், பந்து 1839க்கு முந்தியதாக இருக்க முடியாது. சார்லஸ் குட்இயர் அதைக் கண்டதே அந்த ஆண்டில்தான். புற ஊதா விளக்கில் நூல் நீலமாகப் பளிச்சிட்டால், அதில் வெண்மையூட்டி ரசாயனம் இருக்கிறது. அது 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. ஆனால் பழைய பந்தை யாரேனும் இன்றைய சோப்புத் தூளால் கழுவியிருந்தாலும் அதே நீலம் தெரியும். தேடுகிறவரின் கண்ணைக் கட்டிவிடும்.

ஆகவே இப்படியொரு பந்து உங்கள் கைக்கு வந்தால் கழுவாதீர்கள், பிரிந்த தையலைத் திரும்பத் தைக்காதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள். எந்த வீட்டில், எந்தப் பெட்டியில், யாரிடமிருந்து வந்தது என்பதை அன்றைக்கே ஒரு தாளில் எழுதி அதனுடன் வையுங்கள்.