பட்டி போட்ட கதைகள்

"உன் கதையில பெயிண்ட் ஜாஸ்திடா" என்றான் நண்பன். ஞாயிற்றுக்கிழமை காலை, தேக்கா மார்க்கெட், தே தாரிக் ஆறிக்கொண்டிருந்தது. நான் அனுப்பிய 14 பக்கக் கதையைப் படித்துவிட்டு வந்திருந்தான். நான் வாய் திறப்பதற்குள் போனில் ஒரு படத்தைக் காட்டினான். பெயிண்டே அடிக்காத கோப்ரா ஸ்போர்ட்ஸ் கார். அமெரிக்காவின் கிர்க்கம் நிறுவனத்துடையது. அதன் அலுமினிய உடலைப் போலந்தில் ஒரு விமானத் தொழிற்சாலையில் கைவேலையாகச் செய்ய ஆரம்பித்தார்களாம். "இப்படி எழுது. மறைக்க ஒண்ணும் இருக்கக் கூடாது."

நம் வாசிப்புக் குழுக்களில் இது கிட்டத்தட்ட விதியாகிவிட்டது. வெற்று உலோகம் நேர்மையானது, பூச்சு பொய்யானது. நானும் ஒரு மாதம் நம்பினேன். இப்போது நம்பிக்கை இல்லை. காரணத்தைக் காரிலிருந்தே சொல்கிறேன்.

அலுமினியத் தகட்டை மரச் சட்டத்துக்குப் பொருத்தமாகத் தட்டி, உருளைகளுக்கு நடுவில் இழுத்து வளைத்து, துண்டு துண்டாகப் பற்றவைத்து அரத்தால் இழைப்பார்கள். பெயிண்ட் அடிக்கப்போகிற கார் என்றால் சின்னக் குறைகள் அதோடு மறைந்துவிடும். வெற்றாக விடப்போகிற கார் என்றால் பற்றவைத்த கோடு, அரம் போன தடம் எல்லாம் தெரியும். அவை தெரியாமல் தேய்க்க இன்னும் பல மணி நேரம் ஆகும். தேய்த்த பிறகும் முடிவதில்லை. விரல் பட்டால் ரேகை விழும், மழை பெய்தால் திட்டு விழும். நம் ஊர்க் கடற்காற்றில் சீக்கிரமே மங்கும். மறுபடி தேய்க்க வேண்டும். ஆக, அந்தப் படத்தில் மின்னுகிற உலோகம் 'அப்படியே விட்டது' கிடையாது. அதுவும் ஒரு பூச்சு வேலைதான், இன்னும் செலவான பூச்சு வேலை.

வெற்று அலுமினியத்தைப் பற்றிய மிகப் பிரபலமான கதை 1934 ஆம் ஆண்டுடையது. நூர்பர்க்ரிங் பந்தயத்துக்கு முந்தைய நாள், மெர்சிடிஸ் கார் 750 கிலோ வரம்பைவிட ஒரு கிலோ கூடுதலாக இருந்ததாம். ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளைப் பெயிண்டைச் சுரண்டி எடுத்தார்களாம். வெள்ளி அம்புகள் பிறந்தனவாம். அணியின் மேலாளர் ஆல்ஃபிரெட் நோய்பாவர் பிற்பாடு தன் நினைவுகளில் எழுதியது இது. அந்தப் பந்தயம் 750 கிலோ விதியின்படி நடக்கவே இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். பெயிண்டைச் சுரண்டிய கதைக்கே யாரோ நன்றாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். 2022க்குப் பிறகு மரினா பே இரவுப் பந்தயத்துக்கு வந்த ஃபார்முலா ஒன் கார்களிலும் பல இடங்களில் பெயிண்ட் இல்லாமல் கறுப்புக் கார்பன் தெரிந்தது. அதற்குக் காரணம் நேர்மை கிடையாது, எடை. விளம்பரதாரர்களின் பெயர் இருக்கும் இடத்தில் மட்டும் பெயிண்ட் பத்திரமாக இருந்தது.

என் மாமா இருபது வருஷத்துக்கு மேல் ஒரு பட்டறையில் கார்களுக்கு ஸ்பிரே அடித்தவர். பழைய காரைப் பார்க்கப் போனால் நிறத்தைப் பார்க்கமாட்டார். விரல் முட்டியால் கதவைத் தட்டி, காதைக் கொடுப்பார். தகடு கணீரென்று பேசும். உள்ளே பட்டி அப்பியிருந்தால் பொத்தென்று கேட்கும். இரும்புக் காருக்குக் காந்தம் வைத்தும் பார்க்கலாம், அலுமினியத்துக்குக் காதுதான். "பெயிண்ட் தப்பு பண்ணாதுப்பா. டிங்கரிங் பண்ணச் சோம்பல்பட்டு பட்டிய அப்புறான் பாரு, அவன்தான் தப்பு" என்பார்.

என் பிரச்சினையும் அங்கேதான் இருக்கிறது. நண்பன் பெயிண்டையும் பட்டியையும் ஒன்றாக்கிவிட்டான்.

தேக்காவிலிருந்து சிராங்கூன் ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தால் ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயில். 2018 ஏப்ரலில் குடமுழுக்கு கண்ட கோபுரம். அந்தச் சுதைச் சிற்பங்களின் நிறத்தைச் சுரண்டி 'நேர்மையாக' ஆக்கிப் பார்ப்போமா? கண், உதடு, நகை எதுவும் மிஞ்சாது. மழை உள்ளே இறங்கும். சுதைக்கு வர்ணம் தோல் மாதிரி, அதனால்தான் குடமுழுக்குக்குக் குடமுழுக்கு புதுப்பிக்கிறோம். கருங்கல் வேறு. அதற்கு வர்ணம் தேவைப்படுவதில்லை. ஆனால் தமிழ்நாட்டில் கோயில் கல்லின் மேல் இருந்த பூச்சை மணலைப் பீய்ச்சி எடுக்கப்போய், கல்வெட்டு எழுத்துகளும் சேர்ந்து தேய்ந்த கதை நமக்குத் தெரியும். சுரண்டுவதும் அழிவுதான்.

வெற்று உலோகத்துக்கு அசோகமித்திரன், வர்ணத்துக்கு லா.ச.ரா. என்று உதாரணம் சொல்வது நம் வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. அசோகமித்திரனின் வாக்கியம் சும்மா விடப்பட்ட தகடு கிடையாது. பற்றவைத்த இடம் தெரியாமல் தேய்க்கப்பட்டது. அந்த வேலை தெரியாததால்தான் அவரைப் பார்த்து எழுதுகிற நம்மில் பலருக்குக் குட்டி வாக்கியம் வருகிறது, அவர் வருவதில்லை. லா.ச.ரா.வின் ஓசையோ சுதைமேல் வர்ணம். எடுத்தால் பாத்திரமும் கூடப் போய்விடும். இரண்டு பேரையும் தட்டிப் பாருங்கள், கணீரென்றுதான் கேட்கும். எளிமையாக எழுதியும் பட்டி போடலாம். 'அவன் எதுவும் பேசவில்லை. மழை பெய்தது.' இப்படி முடிகிற கதைகளில் பாதி, என்ன சொல்வதென்று தெரியாத பள்ளத்தில் மௌனத்தை அப்பியவை. நானே நாலைந்து எழுதியிருக்கிறேன்.

அந்த 14 பக்கம் மாமாவைப் பற்றியதுதான். நண்பன் சொன்னதைக் கேட்டு 6 பக்கமாக வெட்டினேன். வானவில், ஸ்பிரே புகையில் தெரிந்த வெயில், எல்லாம் போயின. மிஞ்சியதைப் படித்தபோது நடுவில் ஒரு பெரிய பள்ளம். மாமா ஏன் வேலையை விட்டார்? மூச்சு வாங்கியது என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். கார் பெயிண்டில் கலக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒருநாளும் அவரிடம் உட்கார்ந்து கேட்டதில்லை. கேட்காத அந்த இடத்தை 14 பக்கத்தில் வானவில்லால் அடைத்திருந்தேன், 6 பக்கத்தில் மௌனத்தால்.

போன வாரம் மாமா வீட்டுக்குப் போனேன். மூன்று மணி நேரம் பேசினார், நடுவில் இரண்டு முறை இன்ஹேலர் எடுத்தார். ஒரு சிவப்புக் காரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் மாறியது. ஏழு கோட் அடித்தாராம், அந்தச் சிவப்பு மாதிரி அப்புறம் வரவே இல்லையாம். கதையை மறுபடி எழுதுகிறேன். அந்தச் சிவப்பு அதில் இருக்கும், நண்பன் என்ன சொன்னாலும்.