தன்னியாயமும் பிறழ்புரிதலும்: சிலப்பதிகாரத்தில் ஒரு நோக்கு

கோவலன் மாதவியைப் பிரிந்தது ஏன் என்னும் வினாவிற்குக் கெப்பாலா பத்தாஸ் முதல் ஜொகூர் வரை நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் ஒரே விடை சொல்லப்படுகிறது: ஊழ்வினை. இளங்கோவடிகளே அவ்வாறு கூறியிருத்தலின் இவ்விடை பிழையன்று. ஆயினும் ஊழ் எவ்வழியாக வந்து செயற்பட்டது என்பதையும் அடிகள் காட்டியே செல்கிறார். யாழிசையின்மேல் வைத்தே அது வந்தது. ஒருவர் பாடியதை மற்றவர் தமக்குத் தோன்றியவாறு பொருள்கொண்டமையே அதன் வாயில். அவ்வாயிலைப் பற்றியே இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

இந்திரவிழாவின் இறுதியில் கடலாடச் சென்ற இருவரும் கானலில் அமர்ந்திருக்கின்றனர். மாதவி தந்த யாழைக் கோவலன் வாங்கிக் காவிரியைப் பாடுகிறான். சோழன் கங்கையைக் கூடினும், குமரியைக் கூடினும் காவிரி ஊடாள் என்பது அப்பாட்டின் கருத்து. இவனுக்கு வேறொரு குறிப்பு உண்டு என மாதவி எண்ணுகிறாள்; யாழை வாங்கித் தானும் வேறொரு குறிப்புடையவள் போலப் பாடுகிறாள். இவ்விடத்தில் 'போல்' என்னும் சொல்லை அடிகள் இருமுறை ஆள்கிறார். அவள் கொண்டது பாவனை என்பது கற்போருக்குத் தெரிகிறது. அருகிலிருந்த கோவலனுக்கோ தெரியவில்லை. அவன் அதனை உண்மையென்றே கொண்டு எழுகிறான். இத்துணை நுண்மையான பகுதிக்கு அடியார்க்குநல்லார் உரை கிடைக்காமற் போனது நமக்குப் பேரிழப்பே.

இருவரும் வாய்திறந்து ஒன்றும் வினவவில்லை என்பது கருதத்தக்கது. 'யாரை எண்ணிப் பாடினாய்?' என்னும் ஒரு வினா எழுந்திருப்பின் காப்பியமே வேறாகியிருக்கும். பொழுது கழிந்தது என்னும் சாக்கோடு கோவலன் ஏவலாளர் சூழப் போய்விடுகிறான். மாதவி தனியே மனை திரும்புகிறாள்.

பிரிந்தபின் அவனுக்குத் தன் செயலை நியாயப்படுத்தும் தேவை நேர்கிறது. வேனிற்காதையில் மாதவி தாழைமடலில் எழுதி விடுத்த ஓலையை வசந்தமாலை கூலமறுகில் கொணர்ந்து நீட்ட, அவன் ஏற்க மறுக்கிறான். மறுப்பதோடு அமையாமல், மாதவி தன்னோடு வாழ்ந்த காலத்து அன்பையெல்லாம் கண்கூடுவரி தொடங்கி எடுத்துக்கோள்வரி ஈறாக எண்வகை வரிக்கூத்துள் அடக்கிக் காட்டுகிறான். அவள் ஆடல்மகள்; ஆகலின் அனைத்தும் நடிப்பே என்பது அவன் முடிபு. கலைநூற் பயிற்சி இங்கே வழக்காடுதற்குக் கருவியாகிறது. பாவனையை மெய்யென்று கொண்டு பிரிந்தவன் இப்போது மெய்யான அன்பைப் பாவனை என்கிறான். அவள் பொய்ம்மையள் ஆனாலன்றி அவன் பிரிவு நியாயமாகாது.

கண்ணகியிடம் மீண்டபோதும் இந்நிலை மாறவில்லை. பொருளைத் தொலைத்தமைக்கு நாணுகிறேன் என்பவன், பழியை வஞ்சம் புணர்ந்த ஒருத்திமேல் ஏற்றியே அதனைச் சொல்கிறான். அவனது இவ்வொப்புதலைப் பாதி ஒப்புதல் எனவே நாம் கொள்கிறோம். கண்ணகியோ முகத்தில் முறுவல் காட்டிச் சிலம்பு உண்டு, கொள்க என்கிறாள். மாதவிக்குக் கொடுக்கப் பொருளின்றி வருந்துகிறான் என அவள் கருதினாளா, அன்றிக் கருதியவள் போல நடந்தாளா என்பது நெடுநாளைய வினா. அவளைக் கள்ளமறியாப் பேதையாகக் காட்டும் விளக்கம் நமக்கு உடன்பாடன்று. பின்னர்க் கொலைக்களக் காதையில், மாமன் மாமியர் முன் தான் காட்டிய முறுவல் மெய்யன்று என அவளே உரைக்கிறாள். அகத்துயரை முறுவலால் மறைக்கத் தெரிந்தவள் அவள். அம்முறுவலைப் படிக்க அறியாதவன் கோவலன் ஒருவனே; அவன் பெற்றோர் அதனைப் படித்து வருந்தினர்.

இரண்டாம் ஓலை கோசிகமாணி கையில் வருகிறது. முதல் ஓலை வேனிலையும் திங்களையும் பாடிய புனைவு; இஃதோ எளிய உரை. குரவர் பணியையும் நீத்து, குலப்பிறப்பாட்டியோடு இரவில் நீங்குதற்கு நான் செய்த பிழை யாது என்பதே அதன் சாரம். ஓலையின் இலச்சினையில் படிந்திருந்த கூந்தல் நெய்யின் மணம், உடன் வாழ்ந்த காலத்தை அவனுக்கு உணர்த்துகிறது. அவள்மேல் தீதில்லை, தன்மேலதே தீது எனத் தெளிகிறான். பாட்டால் வந்த பிறழ்ச்சியைப் பாட்டுப்போல் எழுதிய ஓலை தீர்க்கவில்லை, வெற்றுரை தீர்த்தது. அதே ஓலையைத் தன் பெற்றோரிடம் சேர்ப்பிக்குமாறு அவன் கோசிகனிடமே கொடுத்துவிடுவது காப்பியத்தின் அரிய இடங்களுள் ஒன்று. மாதவி தன்பொருட்டு எழுதிய சொற்கள் மகன் தந்தைதாயரிடம் சொல்ல வேண்டியவற்றிற்கும் பொருந்தின. பிறர் சொல்லைத் தன் விருப்பிற்கேற்பத் திரித்தவன், முதன்முறையாக அதனைத் தன் சொல்லாக ஏற்கிறான். கொலைக்களக் காதையில் கண்ணகியிடம் தன் குற்றத்தை முழுமையாக உரைக்கும்போது அங்கே மாதவி மேல் பழியில்லை.

இதே பிறழ்ச்சி மதுரை அரண்மனையிலும் நிகழ்கிறது. ஆடலும் பாடலும் அரசன் உள்ளத்தைக் கவர்ந்தன என எண்ணிய கோப்பெருந்தேவி, ஊடலை மறைத்துத் தலைநோய் என்று சொல்லி அகல்கிறாள். அவளைத் தணிக்க விரைந்தவனைப் பொற்கொல்லன் வழியில் காண்கிறான். ஆராயாமல் ஆணை பிறக்கிறது. ஆயினும் பாண்டியன் பின்னர்த் தன்னியாயம் தேடினானல்லன். சிலம்பு உடைந்து மணி தெறித்த அளவிலேயே தானே கள்வன் எனக் கூறி வீழ்கிறான். கோவலன் இத்தனை காதைகள் கடந்து அடைந்த தெளிவை அவன் ஒரு நொடியில் அடைகிறான். இருவர்க்கும் அது காலங்கடந்ததே.

பொற்கொல்லனிடம் அந்நொடி இல்லை. கோவலனின் தோற்றத்தைக் கண்ட காவலர், இவன் கள்வனல்லன் என்கின்றனர். அவன் நகைத்து, களவுநூல் கூறும் துணைகளை மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என அடுக்குகிறான். எண்ணிப் பார்ப்பின் அவையும் எட்டு. மாதவியைக் குற்றவாளியாக்கக் கோவலன் அடுக்கியவை எட்டு. கோவலனைக் கள்வனாக்க இவன் அடுக்குபவையும் எட்டு. எனினும் வாளை எறிந்தவன் அந்நூலுரையை எடைபோட்டுத் தெளிந்தவனல்லன். அவன் கல்லாத, கள்ளுண்டு களித்த ஒரு காவலன்.