பழ ஈயும் டோபமைனும்: ஒரு மறுநோக்கு

டோபமைன் என்னும் நரம்புக் கடத்துபொருளை ‘இன்பத்தின் இரசாயனம்’ எனக் குறிப்பிடுதல் இன்று பெருவழக்காகிவிட்டது. ஒரு பொருளுக்கு ஒரு தொழில் என வகுத்தல் கற்பித்தற்கு எளிது. அஃது உண்மைக்கு இயைந்ததா என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது. இவ்வினாவுக்குப் பழ ஈ பற்றிய ஆய்வுகள் தக்க உரைகல்லாக அமைகின்றன.

ஒரு மணத்தோடு மின்னதிர்ச்சியைச் சேர்த்துக் கொடுப்பின் ஈ அம்மணத்தை விலக்கக் கற்கும். சீனியைச் சேர்த்துக் கொடுப்பின் நாடக் கற்கும். 2003 இல் சுவேட்செல், ஐசன்பேர்க் முதலியோர் டோபமைன் கலங்களின் கடத்தலைத் தற்காலிகமாகத் தடுத்துப் பார்த்தனர். தண்டனைவழிக் கற்றல் குன்றியது. சீனிவழிக் கற்றல் குன்றவில்லை. ஒக்டோபமைனை ஆக்கவியலாத விகாரிகளிலோ நிலைமை மறுதலையாயிற்று. ஆகவே ஈயில் டோபமைன் தண்டனையையும் ஒக்டோபமைன் வெகுமதியையும் உணர்த்தும் என்னும் கருத்து நிலைபெற்றது. இன்பத்தின் இரசாயனம் ஈயிடத்துத் துன்பத்தின் இரசாயனமாயிற்று.

அப்பரிசோதனை நேர்த்தியானது; பெறுபேறுகளும் பிழையானவையல்ல. குறை, முடிபின் அகலத்திலேயே உளது. அவர்கள் கையாண்ட பரம்பரையலகுக் கருவி டோபமைன் கலங்கள் அனைத்தையும் தழுவவில்லை. பி.ஏ.எம். எனப்படும் கலத்தொகுதியின் பெரும்பகுதி அதற்கு அகப்படாதிருந்தது. சீனியின் நற்பயனை உணர்த்துவன அத்தொகுதிக் கலங்களே என்பதைத் தனிமோட்டோ குழுவினரும் உவாடெல் குழுவினரும் 2012 இல் தனித்தனியே காட்டினர். ஒக்டோபமைனின் வெகுமதி விளைவுங்கூட டோபமைன் கலங்களின் வாயிலாகவே நிகழ்வதும் அப்போது புலனாயிற்று. சிலவற்றில் கண்டதை எல்லாவற்றுக்கும் ஏற்றியுரைத்தமையே முந்திய முடிபின் வழுவாகும்.

கற்றலோடும் இது நின்றுவிடவில்லை. வெளிவிடப்பட்ட டோபமைனை மீள உள்ளெடுக்கும் புரதம் பழுதுற்ற ஈக்கள் மிகக் குறைவாகவே உறங்கின என, 2005 இல் கூமே முதலியோர் அறிவித்தனர். ஒரே பொருள் ஓரிடத்தில் விலக்கவும், பிறிதோரிடத்தில் நாடவும், வேறோரிடத்தில் விழித்திருக்கவும் செய்கின்றது. எக்கலம், எவ்விடத்தில், எக்கலத்தை நோக்கி அதனை வெளிவிடுகின்றது என்பதே விளைவைத் தீர்மானிக்கின்றது. பலபொருளொருசொல்லுக்கு இடமும் சார்பும் நோக்கிப் பொருள் கொள்ளும் மரபினர்க்கு இவ்வுண்மை வியப்பளிக்கவேண்டியதில்லை.

மனிதரின் வேட்கை, சோம்பல், போதைப் பழக்கம் யாவற்றையும் டோபமைனின் மிகுதி குறைவால் விளக்கிவிடும் எழுத்துக்கள் தமிழிலும் பெருகி வருகின்றன. அவற்றை நம்பித் தம்மையும் பிறரையும் எடைபோடுவோர் பலர். ஏறத்தாழ 140,000 நரம்புக் கலங்களே கொண்ட ஈயின் மூளைக்கும் பொருந்தாத சூத்திரத்தை மனித மனத்துக்கு அளவுகோலாக்குதல் விஞ்ஞான நெறியன்று.