கொள்ளையைக் காப்பென்று சொல்லலாமா?

உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தின் பழைய அச்சு இசைநூல்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு வாதம் வந்துவிடும்: ஸ்வீடன் படைகள் கொண்டுபோயிராவிட்டால் இவை அழிந்தே போயிருக்கும். இதை என்னால் ஒருநாளும் ஏற்க முடிந்ததில்லை.

நூலகத்தின் உழைப்பில் குறையில்லை. 1556-இல் வெனிஸில் ஸ்கோட்டோ அச்சிட்ட ஸ்பானிய வில்லான்சிகோப் பாடல் தொகுப்பின் எஞ்சிய ஒரே பிரதி அங்கேதான் இருக்கிறது. அதன் 54 பாடல்களை 1909-இல் ரஃபேல் மித்யானா உலகுக்குக் காட்டினார். 1911-இல் அவர் வெளியிடத் தொடங்கிய இசைநூல் அட்டவணையின் எஞ்சிய பகுதிகளை ஓக்கே டேவிட்சன் 1951-இல் கொண்டுவந்தார். நல்ல பணி.

ஆனால் போலந்து நகரான பிரான்யெவோவின் நூல்கள் உப்சாலாவுக்கு வந்த கதை வேறு. கர்தினால் ஹோசியுஸ் 1565-இல் நிறுவிய இயேசு சபைக் கல்லூரி பிரான்யெவோவில் இருந்தது. 1626-இல் நகரைப் பிடித்த ஸ்வீடன் மன்னர் குஸ்தாவ் அடோல்ஃபின் படை அதன் நூலகத்தையே வாரிக்கொண்டு போனது. இசைநூல்களும் அதோடு போயின. காக்கவேண்டும் என்று யாரும் எடுக்கவில்லை. தம் புதிய பல்கலைக்கழக நூலகத்தை நிரப்பவும் கத்தோலிக்கக் கல்வியை முடமாக்கவும் எடுத்தார்கள்.

1944-இல் வார்சாவில் ஜெர்மானியர் கொளுத்திய கிராசின்ஸ்கி நூலகத்தைச் சிலர் சாட்சிக்கு அழைக்கிறார்கள். 318 ஆண்டுகள் கழித்து வேறொருவன் வைத்த தீ, முந்தைய கொள்ளையை எப்படி நியாயமாக்கும்? ஸ்வீடனில் மட்டும் தீ பிடிக்கவில்லையா? 1697-இல் ஸ்டாக்ஹோம் அரண்மனை எரிந்தபோது அரச நூலகத்தின் பெரும்பகுதி சாம்பலானது. போரில் அள்ளிவந்தவையும் அதில் இருந்தன. காத்தோம் என்பவர்கள் இந்தக் கணக்கை எடுப்பதே இல்லை.

பிழைத்தவையும் முழுதாகப் பிழைத்தனவா? அக்காலத்தில் குரலுக்கு ஒரு புத்தகம். உச்சக்குரல் முதல் கீழ்க்குரல் வரை எல்லாம் சேர்ந்தால்தான் பாட்டு. வாங்கியவர்கள் பல அச்சுநூல்களை ஒன்றாகத் தைத்துக் கட்டுவார்கள். எதை எதோடு சேர்த்துக் கட்டினார்கள் என்பதில்தான் அந்தக் கல்லூரி பாடிய இசையின் வரலாறு இருக்கிறது. உப்சாலா அட்டவணையோ சமய இசை, உலகியல் இசை என்று வகைபிரித்து அடுக்கியது. வகைக்குள் தேடுகிறவருக்குப் பிரான்யெவோவின் பாடகர் குழு கண்ணில் படாது. அந்தக் கல்லூரியின் நூல்களை ஒருசேரக் காண, யூஸெஃப் திரிபுச்கோவின் அட்டவணை அச்சேறிய 2007 வரை பொறுக்கவேண்டியிருந்தது.

அன்றைய போர்முறையே அதுதான் என்பார்கள். ஆனால் போலந்திலிருந்து எடுத்த ஆவணங்களையும் அரச நூலகத்தையும் திருப்பித் தருவதாக 1660-இன் ஒலிவா உடன்படிக்கையில் ஸ்வீடனே ஒப்புக்கொண்டது. பிரான்யெவோ அந்த உடன்படிக்கையில் அடங்காமல் இருக்கலாம். இருந்தும், எடுத்ததைத் திருப்பித் தரவேண்டும் என்ற அறம் அக்காலத்தவருக்கும் தெரிந்திருந்தது.

கல்லூரியின் உடைமைக் குறிப்பு உள்ள இசைநூல்கள் போலந்துக்குத் திரும்பவேண்டும். அவற்றின் மின்னுருப் படிகளை உப்சாலா வைத்துக்கொள்ளட்டும்.