விளம்பரச் சொல்லின் வலிமை: சிவகாசி தரும் சான்று

சரியான சொல்லைத் தேர்ந்தெடுத்தால் வாங்க விரும்பாதவரையும் வாங்க வைத்துவிடலாம் என்பது விளம்பரத்தைப் பற்றிய பரவலான நம்பிக்கை. இந்த நம்பிக்கையின் புகழ்பெற்ற வடிவம் 1957இல் அமெரிக்காவில் தோன்றியது. திரைப்படத்தின் நடுவே கண்ணில் படாத வேகத்தில் காட்டிய வாசகங்கள் சோளப்பொரி, கோக்கோகோலா ஆகியவற்றின் விற்பனையை உயர்த்தின என்று ஜேம்ஸ் விக்காரி அறிவித்தார். அது வெறும் விளம்பர உத்தி என்று 1962இல் அவரே ஒப்புக்கொண்டார். ஆயினும் கதை இன்றும் உலவுகிறது.

விருதுநகர் மாவட்டத்தின் பட்டாசுத் தொழில் இந்த நம்பிக்கையைச் சோதிக்க ஏற்ற களம். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டி, பட்டாசு ஆகியவற்றுக்கு லேபிள் தேவைப்பட்டதால் சிவகாசியில் அச்சுத் தொழிலும் வளர்ந்தது. அந்த லேபிள்களில் முதலில் கண்ணில் படுவது வாசகம் அன்று, படம். 'லட்சுமி வெடி' என்ற பெயரே உறையிலுள்ள படத்தால் வந்தது. பட்டாசு வாங்கத் தூண்டுவது தீபாவளி வழக்கம். லேபிள் அந்தப் பொருளை அடையாளம் காட்டுகிறது, அவ்வளவே.

'80% தள்ளுபடி' என்ற பலகையும் இத்தகையதே. பெட்டியில் அச்சிட்ட விலை மிக உயர்த்தப்பட்டது என்பதை வாங்குவோர் அறிவர். எல்லாக் கடைகளும் அதையே சொல்வதால் அவர்கள் கடைசியில் கொடுக்க வேண்டிய தொகையைத்தான் ஒப்பிடுகின்றனர்.

அப்படியானால் சொல்லுக்கு வலிமையே இல்லையா? 'பசுமைப் பட்டாசு' என்ற சொல் இதற்கு விடை தருகிறது. 2018 அக்டோபர் 23 அன்று, புகை குறைந்த பட்டாசுகளை மட்டுமே தயாரிக்கவும் விற்கவும் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. நீரி ஆய்வு நிறுவனம் அவற்றுக்கான கலவைகளை உருவாக்கியது. இச்சொல்லுக்கு ஆற்றல் தந்தது அதன் கவர்ச்சி அன்று, சட்டம். வழக்கமான பட்டாசைவிட நுண்துகள் உமிழ்வு ஏறத்தாழ 30% குறைவு என்பதே அதன் பொருள். ஆனால் 'பசுமை' என்று படிப்பவர் மாசே இல்லை என்று எண்ணிக்கொள்ள இடமுண்டு.

சொல் சொல்லாமல் விடுவதும் உண்டு. 'பசுமை' புகையை அளக்கிறது; மருந்து கலக்கும் தொழிலாளியின் பாதுகாப்பை அளப்பதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 35க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அத்தகைய ஆபத்து குறைந்ததா என்பதை எந்த லேபிளும் தெரிவிப்பதில்லை.

விளம்பரச் சொல்லை மந்திரமாகக் கருதுவது இரு தவறுகளுக்கு வழி வகுக்கிறது. விற்பவர் பொருளின் தரத்தை விட்டுச் சொல்லைத் தேடுகிறார். வாங்குபவர், தாம் மயங்கவில்லை என்ற நிம்மதியில், சொல்லின் அளவை விசாரிக்காமல் விடுகிறார். எதோடு ஒப்பிட்டு, யார் அளந்து, எதை விட்டுவிட்டுச் சொல்லப்பட்டது என்பவையே விளம்பரச் சொல்லிடம் கேட்க வேண்டிய கேள்விகள்.